ஒரே நோய், இரண்டு சம்பந்திகள்

என் மனைவி பாக்கியத்தைக் கவ்வாத்து மலையில் கண்டுபிடித்தார்கள். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடிகளைக் கட்டையாக வெட்டிவிடுவது. வெட்டிச் சில வாரங்களுக்கு அந்த மலையில் ஓர் இலைகூட இருக்காது. அந்தக் கட்டைகளுக்கு நடுவே, முதுகில் கூடையோடு நின்று அவள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் வழக்கம்போலப் போய்ப் போய்த் திரும்பின. கூடையில் ஒன்றும் விழவில்லை.

மற்றப் பெண்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கியபோது இவள் மட்டும் மேலே ஏறிப் போயிருக்கிறாள். தேடிப் போன கங்காணி, "என்னா பாக்கியம், இங்க என்னா பண்ணுற?" என்று கேட்டிருக்கிறார். "இன்னிக்குக் கொழுந்து ரொம்பக் கொறைவுங்க" என்று பதில் சொல்லியிருக்கிறாள்.

வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதலாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால் வரிக்கு வரி வயிற்றெரிச்சல்தான் வருகிறது. நான் தேயிலை பெக்டரியில் கொழுந்தை உருட்டும் ரோலர் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பத்திரிகைகளுக்கு ஆசிரியர் கடிதம் எழுதிப் பழகிய கை. எதை எழுதினாலும் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் அன்பாக இருக்க வேண்டும், பொறுமையாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். பொறாமை வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அது வரும். ஏராளமாக வரும். அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாக்கியம் கவ்வாத்து மலைக்குப் போன அன்று, பக்கத்து லயத்துச் (வரிசை வீட்டுச்) செல்லம்மா வேலைக்குப் போகவில்லை. வட்டவளையில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் என்று போயிருந்தாள். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. செல்லம்மாவும் பாக்கியமும் ஒரே நாளில் பெயர் பதிந்து கொழுந்துக்குப் போனவர்கள். கல்யாணம், காரியம், சண்டை, சமாதானம் எல்லாம் சேர்ந்துதான்.

காலையில் பெரட்டுக் களத்தில் (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) கூடும் பெண்களுக்கு மலைக்குப் போனதும் ஆளுக்கொரு நிரை (செடி வரிசை) கொடுப்பார்கள். ஒருத்தி அடுத்தவள் நிரையில் கை வைத்தால் மலையே அதிரும்படி சண்டை வரும். பாக்கியம் நிரை மாறத் தொடங்கியபோது சண்டை வரவில்லை. செல்லம்மாவும் இன்னும் இரண்டு மூன்று பேரும் அவளைத் தங்களுக்கு நடுவில் விட்டுக்கொண்டார்கள். கொழுந்து நிறுவைக்குப் பெயர் கூப்பிட்டால் யாராவது ஒருத்தி அவள் தோளைத் தொட்டாள். கூடை குறைந்தால் ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டார்கள். மாலையில் பேசிக்கொண்டே வந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். நம்ம வீட்டு அம்மாவுக்கு இவ்வளவு சிநேகிதமா என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்தால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் அவர்கள் செய்தது அது. ஒரு வருடத்துக்கு மேல் அப்படி நடந்திருக்கிறது. அவளுக்கு ஏதோ மனக்கவலை, தீர்ந்துவிடும் என்று நினைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் ஒருவர் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார். வழி தவறினால் அன்றைக்கே தெரிந்துவிடும். எங்கள் மலையில் யாரும் தனியாகப் போவதில்லை. அதனால் வழி தவறியதும் தெரியவில்லை.

முதலில் கிளினிக்குக்குப் போனோம். தமிழ் நன்றாகப் பேசும் இளம் பெண் டொக்டர். பாக்கியத்திடம் இன்று என்ன தேதி என்று கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். ஒரு தாளைக் கொடுத்து அதில் மணிக்கூடு வரையச் சொன்னார். பாக்கியம் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அம்மா மலைக்குப் போனால் தம்பி தங்கைகளைப் பார்க்க ஆள் வேண்டுமே. அவள் பென்சிலைக் கையில் வாங்கி, என்னைப் பார்த்து, வெட்கத்தோடு சிரித்தாள்.

"இந்தக் கேள்விங்க எல்லாம் பள்ளிக்கூடம் போனவங்களுக்காக எழுதினதுங்க ஐயா" என்றார் டொக்டர். "இவங்க தப்பாச் சொன்னா அது நோயினாலயா, படிக்காததாலயான்னு என்னால பிரிக்க முடியல்ல."

"அப்ப எங்க ஆளுங்களுக்குன்னு கேள்வி இல்லீங்களா?"

"எழுதிக்கிட்டிருக்காங்க. இன்னும் நம்ம கைக்கு வரல்ல."

டொக்டர் என்னிடமும் செல்லம்மாவிடமும் நீண்ட நேரம் விசாரித்தார். ரத்தத்தைச் சோதித்தார்; தைரொயிட் குறைவு, சத்துக் குறைவு போன்றவற்றாலும் மறதி வரும், அவற்றைச் சரிசெய்யலாம் என்றார். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால் முதலில் இந்தச் சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். பாக்கியத்துக்கு அவையெல்லாம் சரியாகவே இருந்தன. எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. கடைசியில் டொக்டர் டிமென்சியா என்ற பெயரைச் சொன்னார் (மூளையின் செல்கள் சிறிது சிறிதாகப் பழுதடைந்து நினைவும் யோசிக்கும் திறனும் குறைந்துகொண்டே போகும் நிலை, வயதானவர்களுக்கு வரும் சாதாரண மறதி அல்ல). உறுதிப்படுத்த ஸ்கேன் (மண்டைக்குள் எடுக்கும் படம்) வேண்டும் என்று, மலைக்குக் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே கிடைத்த தேதி அடுத்த மழைக்காலத்தில் இருந்தது.

மழைக்காலம் வந்து, தலவாக்கலையில் விடியற்காலை பஸ் பிடித்துப் போய், ஸ்கேன் அறைக்கு வெளியே பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் லண்டனிலிருந்து மகள் வசந்தியின் அழைப்பு வந்தது.

"அப்பா, மாமிக்கு இன்னொரு ஸ்கேன் எடுத்தாங்க. இந்தத் தடவை புது மிசின். மூளையில எந்த எடத்துல கழிவு சேர்ந்திருக்குன்னுகூட கலர்ல காட்டுது."

என் பொறாமை அந்த நடைபாதையில்தான் பிறந்தது. பெயர் வைக்கும் முன்பே நடக்கவும் தொடங்கிவிட்டது.

மாமி என்று வசந்தி சொன்னது அவளுடைய மாமியாரை; எனக்குச் சம்பந்தியம்மா. பெயர் புவனேஸ்வரி. யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்து, மகனோடு லண்டனில் குடியேறியவர். வசந்தி ஹட்டனில் படிப்பித்துக்கொண்டிருந்தபோது, ஊருக்கு வந்திருந்த அவர் மகன் விரும்பிக் கட்டிக்கொண்டான். நல்ல பையன், அவன் மேல் குறை இல்லை. கல்யாணத்துக்கு மறுநாள் சம்பந்தியம்மா எங்கள் லயத்தைப் பார்க்க வந்தார். முழங்கால் வலி என்று சொல்லி வேனை விட்டு இறங்கவில்லை. பாக்கியம் தேத்தண்ணி ஊற்றி வேனுக்கே அனுப்பினாள். கோப்பை நிறைந்தபடியே திரும்பி வந்தது.

அவருக்கும் இதே நோய்தான். பாக்கியத்துக்குத் தொடங்கிய அதே காலத்தில் அவருக்கும் தொடங்கியது. அவர் சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடினார். அவ்வளவுதான். மகன் குடும்ப வைத்தியரிடம் கூட்டிப் போனான். அங்கிருந்து நினைவாற்றலுக்கென்றே இருக்கும் கிளினிக்குக்கு, அங்கிருந்து ஸ்கேனுக்கு. எங்கள் ஆள் இலையில்லாத செடியில் கொழுந்து பறிக்கும் வரை யாருக்கும் தெரியவில்லை. அவருக்குச் சாவி தொலைந்ததே போதுமாக இருந்தது.

அதோடு விட்டதா? அவரை ஓர் ஆராய்ச்சியிலும் சேர்த்துக்கொண்டார்கள்.

"இத்தனை காலமா வெள்ளக்காரங்களையே வச்சு ஆராய்ச்சி பண்ணிட்டாங்களாம்பா" என்றாள் வசந்தி. "மத்தவங்களுக்கு இந்த நோய் எப்படி வருது, மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு அவங்களுக்கே சரியாத் தெரியலயாம். அதனால நம்ம மாதிரி ஆளுங்களத் தேடிச் சேக்கறாங்க. வீட்டுக்கே வந்து தமிழ்ல கேள்வி கேக்கறாங்க."

"நம்ம மாதிரி ஆளுங்கன்னா? இங்க மலை நெறைய இருக்கோமே. எங்களத் தேடலியா?"

"அது இங்க இருக்கிறவங்களுக்குத்தாம்பா."

"சரி, உன் மாமிய என்னான்னு பதிஞ்சுக்கிட்டாங்க?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "இலங்கைத் தமிழர்னு."

இங்கே கணக்கெடுப்பில் அவர்கள் இலங்கைத் தமிழர், நாங்கள் இந்தியத் தமிழர் என்று வேறு வேறு. எங்கள் லயத்துக்குள் காலெடுத்து வைக்காத அம்மா, அங்கே எங்கள் எல்லோருக்கும் சேர்த்துத் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறார். அவர் படித்தவர். கடற்கரை ஊரில் மீனும் முருங்கையும் சாப்பிட்டு வளர்ந்தவர். சூடேற்றிய வீட்டில் வயோதிகத்தைக் கழிப்பவர். பாக்கியம் பிறந்தபோது உள்ளங்கையில் அடங்கினாளாம். வயதுக்கு வந்த நாளிலிருந்து தலையில் கயிற்றை மாட்டிக் கூடை சுமந்தாள். மழையில் நனைந்த விறகை ஊதி ஊதி, ஜன்னலில்லாத காம்பராவில் சமைத்தாள். பூச்சி மருந்து அடித்த மலையில் கை வைத்தாள். இவற்றில் எது அவள் மூளையைத் தின்றது? ஒன்றுமே இல்லையா? எனக்குத் தெரியாது. கிளினிக் டொக்டரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

"ஒளிச்சுப் பேசாமச் சொல்றேன் ஐயா" என்றார் அவர். "இந்த நோய் உள்ளவங்கள்ல பெரும்பாலானவங்க நம்மள மாதிரி நாடுகள்லதான் இருக்காங்க. ஆராய்ச்சி பெரும்பாலும் அந்த நாடுகள்லதான் நடக்குது. அங்க கண்டுபிடிச்சத நாங்க இங்க படிச்சிட்டு, உங்களுக்கும் பொருந்தும்னு நம்பி மாத்திரை எழுதறோம்."

அவர் சொன்னதையே எங்கள் ஸ்கேனும் காட்டியது. அவர் எழுதிக் கொடுத்த மாத்திரை, நோயைக் குணப்படுத்தாது. மறதியைச் சிலருக்குச் சற்றே தாமதப்படுத்தும். பாக்கியம் அதை ஒழுங்காக விழுங்கினாள். தாமதப்படுத்தியதா என்று கேட்டால், மாத்திரை போடாத பாக்கியம் ஒருத்தி இருந்தால்தானே ஒப்பிட்டுச் சொல்லலாம்.

ஸ்கேன், ஆராய்ச்சி எல்லாவற்றையும்கூட விட்டுவிடுவேன். அந்த அம்மாவிடம் என் மகள் இருந்தாள். அதைத்தான் விட முடியவில்லை.

வசந்தி வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு மாமியாரைப் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டுவது அவள். ஊட்டுவது அவள். "என்னை விட்டா யாருகிட்டயும் சாப்பிட மாட்டேங்கறாங்கப்பா" என்பாள், சோர்வோடும் கொஞ்சம் பெருமையோடும். அவர் அவளை 'அம்மா' என்று கூப்பிடுகிறாராம். இங்கே வட்ஸ்அப்பில் முகத்தைக் காட்டினால், பெற்றவள் முதலில் "வசந்தி" என்றாள். பிறகு "பாப்பா" என்றாள். அந்த வருடப் பொங்கலுக்கு, "அந்தப் புள்ள நல்லா இருக்குதா?" என்று என்னிடம் கேட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே குறி. வசந்தி நேரில் வந்து நிற்கும் நாளில் பாக்கியத்துக்கு அவளை அடையாளம் தெரிய வேண்டும். மாமியாரை யாரிடமாவது விட்டால்தான் அவளால் வர முடியும். இங்கே ஞாபகம் வடிந்துகொண்டிருந்தது, அங்கே மாமியாரை விட இடம் கிடைக்கவில்லை. எது முந்தும் என்று தெரியாமல் நான் பரிதவித்தேன்.

சுவரில் வசந்தியின் படத்தை ஒட்டி, தினமும் காலையில் "இது யாரு?" என்று வாத்தியார்போல் கேட்டேன். பாக்கியம் சில நாள் சொன்னாள், சில நாள் அழுதாள். விஷயம் தெரிந்த டொக்டர் என்னைக் கோபித்துக்கொண்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கும் உதவும்: "இது யாருன்னு கேக்காதீங்க. 'வசந்தி படம் அழகா இருக்குல்ல'ன்னு சொல்லிட்டுப் போயிருங்க. பரீட்சை வச்சா அவங்க தோத்துப்போறதுதான் நடக்கும்." அதன் பிறகு நான் கேட்கவில்லை. படம் அழகாக இருப்பதாகப் பலமுறை சொன்னேன்.

அந்த நாட்களில் எங்கள் தோட்டத்துக்கும் ஆராய்ச்சி வந்தது. நான் நம்பவேயில்லை. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் டொக்டரும் இரண்டு மாணவர்களும் வந்து, பிள்ளைக் காம்பராவில் (தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தில்) மேசை போட்டு உட்கார்ந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஏற்ற சோதனை ஒன்றை உருவாக்குகிறார்களாம். பென்சில் இல்லை. கலந்து கிடக்கும் பருப்பையும் பயற்றையும் பிரிக்க வேண்டும். சந்தையில் வாங்கும் காய்கறிகளை அடுக்கிச் சொல்ல வேண்டும். தேத்தண்ணி போடும் விதத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டும்.

பாக்கியத்துக்கு நல்ல சேலை கட்டி, தலை வாரி, பூ வைத்து முதல் ஆளாய்க் கூட்டிப்போனேன். அவள் பருப்பைப் பார்த்தாள். ஒரு பிடி அள்ளி, கல் பொறுக்கத் தொடங்கினாள். கல் ஒன்றும் இல்லை.

பெண் டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். "நாங்க ஆரம்ப நிலையில உள்ளவங்களத்தான் சேக்க முடியும். அவங்களே புரிஞ்சுகிட்டு சம்மதம் சொல்லணும். அம்மாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிருச்சு. முன்னுக்கே வந்திருந்தா..."

முன்னுக்கு யார் வந்தார்கள்? லண்டன் ஆராய்ச்சிக்கு அவள் தூரம் அதிகம். எங்கள் தோட்டத்து ஆராய்ச்சிக்கு அவளுக்கு நோய் அதிகம்.

அவர்கள் செல்லம்மாவைச் சேர்த்துக்கொண்டார்கள். நோய் இல்லாத, அதே வயதுள்ள, அதே வேலை செய்த ஆள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையாம். செல்லம்மாவுக்கு ரத்தம் எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், காது சோதித்தார்கள். போகும்போது ஒரு நீலக் குடையும் கொடுத்தார்கள். அந்தக் குடையை விரித்துக்கொண்டு அவள் எங்கள் இஸ்தோப்பைத் (வீட்டு முன்திண்ணையைத்) தாண்டிப் போனாள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

நான் வெடித்துவிட்டேன். "நீங்கெல்லாம் அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவளையும் சேத்திருப்பாங்க. கூடையில கொழுந்து போட்டு மூடி மறைச்சீங்களே!"

செல்லம்மா குடையை மடக்கினாள். "சொல்லியிருந்தா என்னா நடந்திருக்கும் மச்சான்? பேர வெட்டி வீட்டுல உக்கார வச்சிருப்பாங்க. மலையில இருந்த வரைக்கும் அவ எங்களோட சிரிச்சா, பேசினா, சண்டை போட்டா. அந்த ஒரு வருசத்த ஒங்க ஆசுபத்திரி குடுத்திருக்குமா?"

அந்த ஒரு வருடம் அவர்களோடு இருந்தது, என்னோடு இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது. மறுநாள் அவளே சோறு கொண்டுவந்து பாக்கியத்துக்கு ஊட்டிவிட்டுப் போனாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வசந்தி வட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தபோது அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள். போனை மாமியார் முன்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இந்தப் பக்கம் பாக்கியம். இரண்டு சம்பந்திகளும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்குமே மற்றவர் யாரென்று தெரியவில்லை.

"சாப்பிட்டனீங்களோ?" என்றார் லண்டன் அம்மா.

"ஆச்சுங்க. தோட்டத்துல நீங்க எந்த டிவிசனுங்க?"

"இஞ்ச சரியான குளிர்."

"இங்கயும் குளிருதுங்க. கொழுந்து இருக்குதுங்களா அங்க?"

"ஓம், ஓம்" என்றார் சம்பந்தியம்மா, வெகு நிச்சயமாக. பிறகு, "நீங்கள் நல்ல வடிவாய் இருக்கிறியள். ஒருக்கா வீட்டுக்கு வாங்கோவன்" என்றார்.

"வரேங்க. நீங்களும் வாங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"கட்டாயம் குடிக்கிறன்."

பாக்கியம் சிரித்தாள். பல மாதங்களாக என்னிடம் சிரிக்காத சிரிப்பு அது. வேனில் உட்கார்ந்திருந்த அம்மாவை மறதி இறக்கி, எங்கள் வீட்டுக்குள் கூட்டிவந்திருந்தது. நல்ல மனிதனாக இருந்தால் நான் நெகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கு, இவளுக்குச் சிரிக்க அந்த அம்மாதான் கிடைத்தாரா என்றிருந்தது.

ஒருவழியாக லண்டனில் இடம் கிடைத்தது. பார்த்துக்கொள்பவர்கள் ஓய்வெடுப்பதற்காக, நோயாளியைச் சில நாள் தங்கவைத்துக்கொள்ளும் இல்லங்கள் அங்கே இருக்கின்றன. அப்படி ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டு அதற்கும் பெருமூச்சு விட்டேன். சம்பந்தியம்மாவை அங்கே விட்டுவிட்டு வசந்தி விமானம் ஏறினாள்.

அவள் வந்த வேன் வளைவில் திரும்பியது. பாக்கியம் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள். வசந்தி குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து அவள் முன்னால் மண்டியிட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. டொக்டர் சொன்னபடி வாயை இறுக மூடிக்கொண்டேன்.

பாக்கியம் அவளைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கன்னத்தைத் தடவினாள்.

"வசந்தி, ஏண்டி இப்படி மெலிஞ்சு போயிட்ட? அவங்க வீட்டுல சோறு போடலியா?"

வசந்தி அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு யார் மேலும் பொறாமை இல்லை. கலர் படங்களையும் ஆராய்ச்சியையும் அந்த அம்மாவே வைத்துக்கொள்ளட்டும் என்றிருந்தது.

உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தேன். கோப்பையை வாங்கிக்கொண்ட பாக்கியம், மகள் பக்கம் சாய்ந்து, எனக்கும் கேட்கும்படி ரகசியம் சொன்னாள்.

"இந்த அண்ணன் ரொம்ப நல்ல மாதிரிடி. சமைக்கிறாரு, தண்ணி வைக்கிறாரு. ஒங்கப்பா பெக்டரியில இருந்து வர்ற வரைக்கும் தொணைக்கு இருக்காரு."

"அம்மா, இதுதாம்மா அப்பா."

பாக்கியம் சிரித்துவிட்டாள். "போடி! ஒங்கப்பா வயசென்னா, இவரு வயசென்னா."

நான் விறகு எடுப்பதுபோல வெளியே போய்விட்டேன். விறகு அடுப்பை விட்டு எவ்வளவோ காலமாயிற்று. வசந்தி பின்னாலேயே வந்தாள்.

"நீங்க மனசுல வச்சுக்காதீங்கப்பா. மாமி பெத்த மகனையே 'டொக்டர்'னு கூப்பிடுறாங்க. அவரு பாத்ரூம்ல பைப்பத் தொறந்து விட்டுட்டு அழுவாரு. அத்தனை படம் எடுத்தும் அத யாராலும் நிறுத்த முடியலப்பா."

"கலர்ப் படமாவது இருக்கே."

"அந்த ஆராய்ச்சியில மாமிக்கு மருந்து ஒண்ணும் குடுக்கலப்பா. பாக்கறாங்க, அளக்கறாங்க, எழுதறாங்க. அவ்வளவுதான்."

"அதத்தான் நான் கேக்கறேன்" என்றேன். "இவளையும் யாராவது ஒரு தடவை ஒழுங்காப் பாத்திருக்கலாம்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருந்த நாளெல்லாம் அம்மாவின் பக்கத்திலேயே படுத்தாள், தலை வாரிவிட்டாள். பாக்கியம் அவளை ஒரு நாள்கூட மறக்கவில்லை. விடுமுறை முடிந்து அவள் லண்டனுக்குத் திரும்பினாள். அங்கே இல்லத்தில் சம்பந்தியம்மா, அவள் வரும்வரை சரியாகச் சாப்பிடவில்லையாம்.

அதன் பிறகு நாங்கள் இருவரும்தான். எனக்கு இப்போது ஒரு விசித்திரமான பழக்கம் வந்திருக்கிறது. முகம் சவரம் செய்யும்போது கண்ணாடியில் என்னை அவள் கண்ணால் பார்க்கிறேன். நரைத்த தலை, விழுந்த தோள், தளர்ந்த கழுத்து. யாரோ ஒரு நல்ல மாதிரி அண்ணன். இந்த உடம்பில் இத்தனை காலம் நான்தான் இருந்தேன் என்று எனக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நான் ஓய்வு பெற்றுவிட்டது அவளுக்குத் தெரியாது. அவளுக்குப் பெக்டரி ஓடிக்கொண்டிருக்கிறது. வெயில் இறங்கத் தொடங்கியதும் முகம் கழுவுகிறாள். பொட்டு வைத்துக்கொள்கிறாள். வாசலைப் பார்த்து உட்காருகிறாள். அவன் வருவான். முப்பத்தைந்து வயது இருக்கும் அவனுக்கு. தலை கருகருவென்று இருக்கும், முதுகு நேராக இருக்கும். அவன் ஒன்றுமே செய்வதில்லை. குளிப்பாட்டுவதில்லை, மாத்திரை கொடுப்பதில்லை, ஈரத் துணி துவைப்பதில்லை. இருந்தும் அவள் பொட்டு வைப்பது அவனுக்குத்தான். சம்பந்தியம்மா மேல், செல்லம்மா மேல், ஒரு நீலக் குடை மேல்கூடப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவன் மேல் வருவதுபோல எனக்கு யார் மேலும் வந்ததில்லை.

திருத்தாதீர்கள் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். நான் திருத்துவதில்லை. நேற்றும் அப்படித்தான்.

"அண்ணே, அவரு வர்ற நேரமாச்சு. நீங்க கெளம்புங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள்.

வேற்று ஆண் வீட்டில் இருக்கும்போது புருஷன் வந்தால் நன்றாக இருக்காதே. நான் எழுந்து வெளியே போனேன். தண்ணீர் பிடிக்கும் பீலி வரை நடந்தேன். சட்டையைச் சரிசெய்துகொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தேன். வேலை முடிந்து வருகிறவன்போல, வாசலிலிருந்தே "பாக்கியம்" என்று கூப்பிட்டேன்.

அவள் ஆவலோடு எழுந்தாள். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அவரு வரலீங்களாண்ணே?"

"இன்னைக்கு ஓவர்டைம்மா. வர நேரமாகும்னு சொல்லச் சொன்னாரு."

"அப்ப சோறு ஆறிப்போயிரும். பரவால்ல, நீங்க உக்காந்து சாப்பிடுங்க."

மூடி வைத்திருந்த தட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். சமைத்தது நான்தான். இருந்ததில் பெரிய கருவாட்டுத் துண்டை அவள் அவனுக்கென்று எடுத்து வைத்திருந்தாள். அதை நான் சாப்பிட்டேன்.